டைமிங் பெல்ட் கவரைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓட்டிப் பார்ப்பது: முழு வழிகாட்டி

பிஸ்டன்கள் சுற்ற வைக்கும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் பல் வைத்த பெல்ட்தான் டைமிங் பெல்ட். அதன் பக்கமிருந்து 'ஙொய்' என்று ஒரு சத்தம் வருகிறது. அல்லது கவருக்கு அடியில் ஆயில் சொட்டுகிறது. அல்லது புது பெல்ட் போட்டாகிவிட்டது, அது நேராக ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும். இந்த மூன்றுக்கும் கவரைக் கழற்றிச் சில நிமிடம் ஓட விட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. கவர் இல்லாமலேயே வண்டியை ரோட்டுக்கு எடுத்துப் போவது வேறு விஷயம். அதைப் பற்றி 7ஆம் பகுதியில்.

பர்மாவில் இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு டொயோட்டா இன்ஜின்களை வைத்தே சொல்கிறோம். ஒன்று 100 மாடல் கொரோலாவின் 5ஏ-எஃப்இ பெட்ரோல். மற்றது சர்ஃப் ஜீப்பிலும் சூப்பர் கஸ்டம் வேனிலும் வரும் 1கே-இசட் டீசல். இரண்டுக்கும் விதி ஒன்றாக இருக்காது. இருக்காத இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

1. முதலில், அது பெல்ட்தானா?

ஸ்பேனரை எடுக்கும் முன் பார்க்க வேண்டியது இது. டொயோட்டா புரோபாக்ஸ் காரில் வரும் 1என்-இசட் இன்ஜினுக்கு டைமிங் செயின். முதல் தலைமுறை ஹோண்டா ஃபிட்டுக்கும் செயின்தான். செயின் இன்ஜினில் முன்பக்கக் கவர் ஆயிலை உள்ளே அடைத்து வைக்கும் சுவர். அதைத் திறந்துவிட்டு ஒரு வினாடி ஓட்டினாலும் ஆயில் முழுக்க வெளியே அடிக்கும், பிரஷர் இருக்காது, பேரிங் போகும்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. பிளாஸ்டிக் கவர், சின்ன போல்ட், ஓரத்தில் மெத்தென்ற ரப்பர் பட்டை இருந்தால் உள்ளே இருப்பது உலர்ந்த பெல்ட். அலுமினியக் கவர், ஓரம் முழுக்க சிலிகான் பசை அல்லது இறுக்கமான கேஸ்கெட் என்றால் உள்ளே ஆயில் இருக்கிறது, தொடாதீர்கள். பெல்ட்டையே ஆயிலுக்குள் ஓட விடும் புது ரக இன்ஜின்களும் உண்டு. அவற்றுக்கும் இதே விதி. சந்தேகமாக இருந்தால் இன்ஜின் நம்பரைப் பார்த்து உறுதி செய்துகொண்டு வாருங்கள். கவரைத் தட்டிச் சத்தம் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

அடுத்து, பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 5ஏ-எஃப்இ வால்வு பிஸ்டனில் இடிக்காத ரகம். பெல்ட் நழுவினால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். 1கே-இசட் அப்படி இல்லை. பெல்ட்தான் கேமைச் சுற்றுகிறது. அது போனால் வால்வில் பிஸ்டன் இடித்துவிடும். டீசலில் கவரைத் திறந்து ஓட்டும்போது இருமடங்கு கவனம் வேண்டும் என்பது இதனால்தான்.

2. கவரோடு சேர்ந்து வேறு என்ன கழல்கிறது?

புதிதாகக் கை வைப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். கவர் என்பது வெறும் மூடி என்று நினைத்துக் கழற்றிவிடுவார்கள். அதோடு வந்ததெல்லாம் மேசைமேல் கிடக்க, செல்ஃப் அடிப்பார்கள்.

*இன்ஜின் மவுண்ட்.* கொரோலா போல் இன்ஜின் குறுக்கே வைத்த வண்டிகளில் வலதுபக்க மவுண்ட் (இன்ஜினை வண்டியோடு பிடித்து நிறுத்தும் தாங்கி) பெல்ட்டை மறித்துக்கொண்டு நிற்கும். அதைக் கழற்றினால் இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி வைக்கிறோம். அந்த ஜாக்கியை நம்பி ஸ்டார்ட் செய்யக் கூடாது. இன்ஜின் அதிரும் முதல் அதிர்விலேயே ஆயில் பேன் ஜாக்கியிலிருந்து வழுக்கும். மவுண்டைப் பூட்டிவிட்டே சாவியைத் திருப்புங்கள்.

*கிராங்க் புல்லி.* கீழ்க் கவர் இந்தப் புல்லிக்குப் பின்னால் இருப்பதால் புல்லியைக் கழற்றாமல் அது வராது. கவர் வந்தபின் புல்லியைத் திரும்பப் போட்டு முழு இறுக்கம் கொடுக்க வேண்டும். 5ஏ-எஃப்இக்கு 118 நியூட்டன் மீட்டர்; 1கே-இசட்டுக்கு அதைவிட மிகப் பெரிய அளவு, அதை மேனுவலைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இந்த ஒரு போல்ட்தான் உள்ளே இருக்கும் பல் சக்கரத்தையும் பிடித்திருக்கிறது. அது இல்லாமல் ஓட்டினால் சக்கரம், அதைக் கிராங்கில் பூட்டும் சாவிக்கட்டையில் (சிறு உலோகத் துண்டு) ஆடி ஆடி கிராங்கின் பள்ளத்தையே தின்றுவிடும்.

*வால்வு கவர்.* சில இன்ஜின்களில் மேல் கவரை எடுக்கவோ கேம் மார்க்கை (கேம் சக்கரத்தில் இருக்கும் டைமிங் குறியை) பார்க்கவோ வால்வு கவரையும் கழற்றியிருப்போம். அதையும் திரும்பப் போட வேண்டும். மறந்தால் நிமிடத்தில் சட்டை முழுக்க ஆயில்.

*சென்சார், ஒயர் கிளிப்.* கிராங்க் சென்சார் கவரிலோ கவரை ஒட்டியோ இருக்கும் வண்டிகள் உண்டு. அதைத் தொங்கவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது, அல்லது அந்த ஒயர் பெல்ட்டுக்குள் போகும்.

3. முன்கூட்டி எடுத்து வைக்க வேண்டியவை

பத்தாம் நம்பர் சாக்கெட், குட்டை ராட்செட், நீட்டுத் தண்டு. கவர் போல்ட் எல்லாம் 6 மி.மீ. தடிமன், பத்தாம் நம்பர் தலை. கீழ்க் கவரும் எடுப்பதானால் கிராங்க் போல்ட்டுக்குப் பெரிய சாக்கெட்டும் டார்க் ரெஞ்சும். காந்தக் குச்சி ஒன்று. சாக்பீஸ் தூள் அல்லது டால்கம் பவுடர். பேட்டரியில் எரியும் டார்ச். நெற்றியில் கட்டுவதானால் இன்னும் நல்லது.

டார்ச் பேட்டரியில்தான் எரிய வேண்டும். கரண்ட் போகும் என்பது ஒரு காரணம், அது ஊருக்கே தெரியும். இன்னொரு காரணம் முக்கியமானது: 50 சைக்கிள் கரண்டில் எரியும் டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் வினாடிக்கு நூறு தடவை மினுக்குகின்றன. அந்த வெளிச்சத்தில் சுழலும் சக்கரம் சில வேகங்களில் நின்றுவிட்டது போலவோ மெல்லப் பின்னால் போவது போலவோ தெரியும். கை போவது அப்போதுதான்.

ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அது வந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். பல இன்ஜின்களில் நீளம் ஒன்றுபோல் இருக்காது. நீள போல்ட்டைக் குட்டைத் துளையில் திருகினால் அடியில் முட்டி அலுமினியத்தை உடைக்கும். போல்ட்டோடு வரும் சின்ன இரும்புக் குழல்களையும் எண்ணி வையுங்கள். பிளாஸ்டிக் நசுங்காமல் காப்பது அந்தக் குழல்தான்.

பெல்ட்டுக்கு ஸ்பிரே, கிரீஸ், 'பெல்ட் மருந்து' எதுவும் வேண்டாம்.

4. கழற்றும் ஒழுங்கு

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகடிவைக் கழற்றுங்கள். கொரோலாவில் ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுகிறது. யாராவது சாவியை ஆன் செய்தால் உங்களைக் கேட்காமல் சுற்றும். ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்குக் கட்டை, கியர் நியூட்ரலில் அல்லது 'பி'யில்.

மேல் கவரை மட்டும் முதலில் எடுங்கள். பெல்ட் நடுவில் ஓடுகிறதா, கேம் சீல் (கேம் தண்டு முனையில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கசிகிறதா, பெல்ட் ஓரம் நார் நாராக வருகிறதா என்பதெல்லாம் மேலிருந்தே தெரியும். கீழ்க் கவரைக் கழற்றுவது பெரிய வேலை. தேவை என்று தெரிந்த பின் செய்தால் போதும்.

மேல் கவர் திறந்து, கீழ்க் கவர் பூட்டியிருக்கும் இந்த நிலையில் ஒரு ஆபத்து உண்டு. கை தவறி விழும் எந்தப் போல்ட்டும் நேராகக் கீழ்க் கவருக்குள் போய்க் கிராங்க் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்காரும். அப்படியே செல்ஃப் அடித்தால் பெல்ட் அதன்மேல் ஏறிப் பல் தாண்டும். கழற்றும்போது கீழ்த் திறப்பில் துணியை அடைத்துக்கொள்ளுங்கள். துணியின் வால் வெளியே நீளமாகத் தொங்கட்டும். துணியை எடுத்த பிறகே பேட்டரியை இணைக்க வேண்டும். போல்ட் ஒன்று குறைந்தால் அது கிடைக்கும் வரை ஸ்டார்ட் கிடையாது. 'வெளியேதான் விழுந்திருக்கும்' என்பது போல்ட்டைத் தேட மனமில்லாதவர் சொல்வது.

கீழ்க் கவரும் எடுத்தாக வேண்டும் என்றால் வலது முன்சக்கரம், அதன் உள்பக்கச் சேறு தடுப்பு, ஃபேன் பெல்ட்கள், கிராங்க் புல்லி என்ற வரிசையில் போங்கள். வண்டி ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஜாக்கியில் அல்ல. புல்லி வந்ததும் பல் சக்கரத்தின் முன்னால் தட்டு போல் ஒரு வாஷர் தெரியும். அது பெல்ட் வெளியே நழுவாமல் தடுக்கும் கைடு. அதன் குழிந்த பக்கம் வெளியே பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் அதன் விளிம்பே பெல்ட்டை அறுக்கும்.

5. செல்ஃப் அடிக்கும் முன்: கையால் இரண்டு சுற்று

கிராங்க் போல்ட்டில் சாக்கெட் வைத்து, கடிகாரம் சுற்றும் திசையில் இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். டொயோட்டாவுக்கு இந்தத் திசை. பழைய ஹோண்டா சிவிக் இன்ஜின்கள் எதிர்த்திசையில் ஓடுபவை. அவற்றை அந்தப் பக்கமே சுற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டால் கைக்கு இலகுவாக இருக்கும்.

எங்காவது கடினமாக முட்டினால் நிறுத்துங்கள். பலம் போடாதீர்கள். கம்ப்ரஷன் மெத்தென்று தடுக்கும், கொஞ்ச நேரத்தில் விட்டுக் கொடுக்கும். இரும்பு இரும்பில் முட்டுவது அப்படி இருக்காது, 'டக்'கென்று நிற்கும்.

இரண்டு சுற்றில் கேம் ஒரு சுற்று முடித்து, கேம் மார்க்கும் கிராங்க் மார்க்கும் பழைய இடத்துக்கு வந்திருக்க வேண்டும். பெல்ட்டின் முதுகில் போட்டிருக்கும் பெயின்ட் கோடுகள் வராது. பெல்ட்டின் பல் எண்ணிக்கை வேறு என்பதால் அவை ஒவ்வொரு தடவையும் தள்ளியே நிற்கும். அதைப் பார்த்துப் பதறி, சரியாக இருந்த பெல்ட்டைக் கழற்றி மறுபடி போடுபவர்கள் உண்டு.

6. ஓட விடுதல்

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டிரைவர் சீட்டில், கை சாவியிலேயே. இன்னொருவர் பார்க்க. 'ஓட்டு', 'நிறுத்து' என்ற இரண்டே சொல் போதும். இன்ஜின் சத்தத்தில் நீளமான வாக்கியம் காதில் ஏறாது.

கைலி கட்டிக்கொண்டு குனியாதீர்கள். நம் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஐட்லிங்கிலேயே பெல்ட் வினாடிக்குச் சுமார் இரண்டரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கைலி நுனி, தோளில் போட்ட துண்டு, தாலிக்கொடி, சட்டைக் கை, எதைப் பிடித்தாலும் விடாது. 1கே-இசட்டில் இன்னும் மோசம். பெல்ட்டுக்கு நேர் முன்னால் பெரிய ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும்.

முதல் ஓட்டம் ஐந்து வினாடி மட்டும். நிறுத்தி, பெல்ட் இருக்கும் இடத்தைப் பாருங்கள். சக்கரத்தின் ஓரத்துக்கு நகர்ந்திருந்தால் அங்கேயே முடிந்தது, மறுபடி ஓட்ட வேண்டாம். நகரவில்லை என்றால் அரை நிமிடம், அப்புறம் சில நிமிடம்.

5ஏ-எஃப்இயில் தண்ணீர்ப் பம்பைச் சுற்றுவது டைமிங் பெல்ட் அல்ல, வெளியே இருக்கும் ஆல்டர்னேட்டர் பெல்ட். அதைப் போடாமல் ஓட்டினால் தண்ணீர் சுற்றாது. அப்படி ஓட்டத்தான் வேண்டும் என்றால் குளிர்ந்த இன்ஜினில் ஒரு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஃபேன் பெல்ட்டைப் போடுவதானால் நல்லதாகப் போடுங்கள். கவர் இல்லாத நேரத்தில் ஓரம் கிழிந்த ஃபேன் பெல்ட்டின் நூல் நேராக டைமிங் பெல்ட்டுக்குள்தான் போகும்.

பார்க்க வேண்டியவை:

பெல்ட் நடுவில் மெல்ல முன்னும் பின்னும் உலாவுவது இயல்பு. ஒரே பக்கமாகப் போய் விளிம்பில் உரசி நின்றால் டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை) அல்லது ஐட்லர் (பெல்ட்டுக்கு வழி காட்டும் உருளை) சாய்ந்திருக்கிறது. பெல்ட்டை மாற்றினால் இது தீராது.

இரண்டு சக்கரத்துக்கு நடுவில் பெல்ட் படபடவென்று அடித்தால் தளர்வு. 5ஏ-எஃப்இயில் இன்ஜினை நிறுத்திய பின், 2 கிலோ அழுத்தத்துக்கு 5 முதல் 6 மி.மீ. உள்ளே போக வேண்டும். அழுத்தினால் அசையவே இல்லை என்றால் அதிக இறுக்கம். அந்த 'ஙொய்' சத்தத்துக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம்.

சத்தம் எங்கிருந்து என்று தேட ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஸ்குரூடிரைவரை நீட்டாதீர்கள். பெல்ட்டைக் கழற்றும்போது ஐட்லரை விரலால் சுற்றிப் பாருங்கள். நல்ல பேரிங் கிரீஸின் கனத்தோடு சுற்றி உடனே நிற்கும். சர்ரென்று வெகுநேரம் சுற்றினால் உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது.

ஆயில் கசிவுக்கு, அந்த இடத்தைத் துடைத்துக் காய வைத்து, இன்ஜின் முகத்தில் சாக்தூளை லேசாகத் தூவுங்கள். பெல்ட்டில் படக் கூடாது. ஐந்து நிமிடம் ஓட்டினால் ஈரக்கோடு தெரியும். கோடு மேலிருந்து இறங்கினால் வால்வு கவர் கேஸ்கெட் அல்லது கேம் சீல். கீழே மட்டும் இருந்தால் கிராங்க் சீல் அல்லது ஆயில் பம்ப். பெல்ட்டில் ஆயில் ஊறியிருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

டைமிங் லைட் (பிளக் பொறி விடும் ஒவ்வொரு தடவையும் மின்னும் விளக்கு) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்றாம் பிளக் ஒயரில் மாட்டி பெல்ட்டில் அடித்தால் கேம் சக்கரம் அப்படியே உறைந்து நிற்கும், பற்களை எண்ணலாம். அழகான காட்சிதான். தொட்டுப் பார்க்கத் தோன்றும் காட்சியும் அதுவே. ஒரு கையில் லைட், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால்.

7. இப்படியே ரோட்டில் ஓட்டலாமா?

கீழ்க் கவர் இல்லாமல்: கூடாது. மேல் கவர் மட்டும் இல்லாமல்: காய்ந்த தார் ரோட்டில், பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை, 40 கி.மீ. வேகத்துக்குள், கொரோலா போன்ற இடிக்காத இன்ஜினில் மட்டும். 1கே-இசட் என்றால் கயிறு கட்டி இழுத்துப் போங்கள். இழுக்கும் கூலி எவ்வளவு என்றாலும் சிலிண்டர் ஹெட் வேலையைவிடக் குறைவு.

கீழ்க் கவரில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், பர்மாவில் 1970 முதல் வலதுபக்கமாக வண்டி ஓட்டுகிறோம், வண்டிகளோ பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த வலதுபக்க ஸ்டியரிங். கொரோலாவின் டைமிங் பெல்ட் இருப்பது வலது முன்சக்கரத்துக்கு நேர் உள்ளே. அந்தச் சக்கரம் ஓடுவது ரோட்டின் ஓரத்தில். மழைத்தண்ணீர் தேங்குவது, ஜல்லியும் மணலும் ஒதுங்குவது எல்லாம் அந்த ஓரத்தில்தான். அதே கார் இடதுபக்கம் ஓட்டும் ஜப்பானில் இந்தப் பக்கத்தை ரோட்டின் நடுவில் வைத்து ஓடியது. இங்கே சேறு தடுப்பும் கீழ்க் கவரும் செய்யும் வேலை அங்கே செய்ததைவிட அதிகம்.

ஒரு சின்ன ஜல்லி பெல்ட்டுக்கும் கிராங்க் சக்கரத்துக்கும் நடுவில் சிக்கினால் போதும், பல் தாண்டும். மழைக்காலச் சேற்றுத் தண்ணீர் பெல்ட்டை உடனே கெடுக்காது. ஆனால் அதிலிருக்கும் மணல் பற்களுக்குள் உட்கார்ந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும். மத்திய பர்மாவின் வறண்ட பகுதியான மெய்க்டிலா பக்கத்துப் புழுதி காய்ந்தே அதைச் செய்யும். ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா நாட்களில் கவர் இல்லாத வண்டியைத் தெருவில் எடுக்கவே வேண்டாம்; குழாயைப் பிடித்து நிற்பவர்களுக்கு உங்கள் இன்ஜின் நிலை தெரியாது.

பந்தயக் கார்களில் மேல் கவர் இல்லாமல் ஓட்டுவதைப் படத்தில் பார்த்துவிட்டு அழகுக்காகக் கழற்றுபவர்களும் இருக்கிறார்கள். அந்த வண்டிகளின் பெல்ட்டை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒருவர் குனிந்து பார்க்கிறார்.

8. திரும்பப் பூட்டுதல்

பாதி பூட்டிய கவர், கவரே இல்லாததைவிட மோசம். இரண்டு போல்ட் குறைவாக, ஒரு காது உடைந்து, கட்டுக்கம்பியில் தொங்கும் கவர் அதிர்வில் உள்ளே வளைந்து பெல்ட்டின் ஓரத்தை நாள் முழுக்கச் சீவும். காது உடைந்திருந்தால் பழைய சாமான் கடையில் வேறு கவர் வாங்குங்கள். வாங்கும்போது இன்ஜின் நம்பரைச் சொல்லுங்கள்; கார் பெயரை மட்டும் சொன்னால் வேறு கவர் கையில் வரும்.

ஓர ரப்பரைத் துடைத்து அதன் பள்ளத்தில் உட்கார வையுங்கள். அறுந்திருந்தால் அதே கனத்தில் ஃபோம் பட்டை ஒட்டலாம். சிலிகான் வேண்டாம். உள்பக்கம் பிதுங்கும் சிலிகான் காய்ந்து உதிர்ந்து பெல்ட்டில் விழும்.

கைடு வாஷர், கீழ்க் கவர், கிராங்க் புல்லி, நடுக் கவர் இருந்தால் அது, மேல் கவர் என்று கீழிருந்து மேலே வாருங்கள். எல்லாப் போல்ட்டையும் முதலில் விரலால் ஏற்றிவிட்டு, பிறகு குறுக்கும் நெடுக்குமாக இறுக்குங்கள். 8 நியூட்டன் மீட்டர் அளவு போதும். குட்டை ராட்செட்டைத் தலைப்பக்கம் பிடித்து மணிக்கட்டால் இறுக்கினாலே அந்த அளவு வந்துவிடும். ஏர் கன் பிடித்தால் மரை போய்விடும், அப்புறம் ஹெலிகாயில் (போன மரைக்குள் வைக்கும் கம்பிச் சுருள்) தேட வேண்டும்.

கீழ்க் கவரில் டிகிரி அளவுக் குறி இருக்கிறது. இக்னிஷன் டைமிங்கை அது பூட்டிய பிறகுதான் பார்க்க முடியும். 5ஏ-எஃப்இக்கு டெஸ்ட் பெட்டியில் (டயக்னாஸ்டிக் கனெக்டர்) டிஇ1, இ1 என்ற இரண்டு முனைகளையும் இணைத்து, ஐட்லிங்கில் 10 டிகிரி.

1கே-இசட்டில் பெல்ட்டையும் மாற்றியிருந்தால் மீட்டரில் 1,00,000 கி.மீ.க்கு எரியும் டி-பெல்ட் விளக்கை ரீசெட் செய்யுங்கள். பழைய பெல்ட்டை விட்டுவைத்து விளக்கை மட்டும் அணைத்தால் அடுத்து வாங்குபவர் தலையில் போய் விடியும். தேதியையும் கிலோமீட்டரையும் பெயின்ட் பேனாவால் மேல் கவரின் வெளிப்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கடைசியாக, பானட்டைத் திறந்து வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். 'சர சர' என்று காகிதம் உரசுவது போல் கேட்டால் கவர் எங்கோ பெல்ட்டைத் தொடுகிறது. நிறுத்தி, போல்ட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, கவரைக் கையால் லேசாக அசைத்து உட்கார வைத்து மறுபடி இறுக்குங்கள். மறுநாள் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஒருமுறை எல்லாப் போல்ட்டிலும் சாக்கெட் வைத்துப் பாருங்கள். ரப்பர் அமுங்கியதில் ஒன்றிரண்டு கால் சுற்று எடுக்கும்.